நான் நடத்திய பொதுத்தேர்தல்

முடிவெடுக்கத் தெரியாதவர்களில் நேர்மையானவர்கள் பிறரிடம் கேட்டுவிடுவார்கள். மற்றவர்கள், "எல்லாப் பக்கமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். நான் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். ஜன்னலோரம் உட்காருவதில் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்றே சொல்லலாம். (களமசேரியில் வாங்கிய சமூகப்பணிப் பட்டம் தனி. அதற்குச் சான்றிதழ் உண்டு.)

படிப்பு முடிந்ததும், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளியிருந்த ஒரு சின்ன எல்.பி. பள்ளியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்புகள், மொத்தம் முப்பத்தேழு பிள்ளைகள். கட்டடம் முன்பு சுக்குக் கிடங்காக இருந்தது. மழை பெய்தால் சுவர்கள் இன்றும் மணக்கும். மாடி ஜன்னலைத் திறந்தால் காயல், அதில் அவசரம் என்பதையே அறியாத படகுகள். அப்படியொரு ஜன்னலருகே எனக்கு மேசை போட்டுக் கொடுத்தது பள்ளி செய்த முதல் தவறு.

பள்ளியின் பழைய மாணவரான ரஹ்மான் இக்கா, பஜாரில் சுக்கு மொத்த வியாபாரி. பாடப் படங்கள் நிரப்பிய பெரிய டிவி ஒன்று, அல்லது ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தார். இரண்டில் ஒன்றுதான். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை அவர் மகளைப் பார்க்க வெளிநாடு புறப்படுகிறார், திரும்ப ஆறு மாதமாகும். அதற்குள் எது வேண்டுமென்று சொல்லியாக வேண்டும்.

தலைமையாசிரியை லீலா டீச்சரால் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. மூன்றாம் வகுப்புக் கார்த்தியை அவன் அப்பா வைட்டிலாப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். கார்த்தி போனால் அவன் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் பின்னாலேயே போவார்கள். பிறகு ஓர் ஆசிரியர் பணியிடமே ஆட்டம் காணும்.

"மீரா, நீ படிச்ச குட்டி. எது நல்லதுன்னு நல்லா ஆலோசிச்சுச் சொல்லு" என்றார் லீலா டீச்சர்.

ஆலோசிக்கச் சொன்னது பள்ளி செய்த இரண்டாவது தவறு. பத்து நாளில் "பயன்களும் பின்விளைவுகளும்" என்ற தலைப்பில் நாற்பத்திரண்டு பக்க அறிக்கை தயாரித்தேன். இணையம் வந்தால் உலகம் உள்ளே வரும், ஆனால் உலகத்தோடு என்னென்ன வரும்? டிவி வந்தால் பத்திரம், ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்பதையே மறந்துவிட்டால்? கண், கழுத்து, தூக்கம், தனிமை, மொழி என எதையும் விடவில்லை. கடைசி வரி இப்படி முடிந்தது: "ஆகவே, இரண்டும் நன்மை தருபவை. இரண்டும் எச்சரிக்கை வேண்டுபவை."

லீலா டீச்சர் அந்த வரியை மட்டும் படித்தார். "இதுக்கா மோளே நாப்பத்திரண்டு பக்கம்?"

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை தோன்றியது. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்களே அந்த முடிவை எடுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். பிள்ளைகளே வாக்களிக்கட்டும் என்று திங்கட்கிழமை அறிவித்தேன். எந்த மாநிலத்தில் நின்று அதை அறிவித்தேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே கோஷம் முளைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு முன்னணிகள் உருவாகிவிட்டன. நெட் முன்னணிக்குக் கார்த்தி தலைவன். டிவி முன்னணிக்கு அவன் பெஞ்சிலேயே உட்காரும் ஷிஃபானா தலைவி. தூண்களிலெல்லாம் சாக்பீஸ் சுவரெழுத்து. இடைவேளையில் ஊர்வலம். ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்குப் புளிமிட்டாய் விநியோகம் நடப்பதாக ஒரு புகாரும் வந்தது. (விசாரித்தேன். உண்மை. எனக்கும் ஒன்று தந்தார்கள்.)

"டிவியே போதும்னு ஏன் சொல்றே?" என்று ஷிஃபானாவைக் கேட்டேன்.

"டீச்சரே, கம்ப்யூட்டர் ஒண்ணுதானே வரும்? அதை முன்பெஞ்சு பசங்கதான் தொடுவாங்க. டிவின்னா முப்பத்தேழு பேரும் பாக்கலாம்."

என் அறிக்கையில் இல்லாத வாதம் அது. கார்த்தியிடம் போனேன். அவன் முதலில் முஷ்டியை உயர்த்தி, "நெட்டு வேணும் நெட்டு வேணும், இன்னிக்கே வேணும்!" என்றான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நெட்டு வந்துட்டா அப்பா என்னைய மாத்த மாட்டாரு டீச்சர்."

இதுவும் என் அறிக்கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மழையோடு வாக்குப்பதிவு. பிஸ்கட் டப்பாவே வாக்குப்பெட்டி. விரலில் ஸ்கெட்ச் பேனா மை. எண்ணிப் பார்த்தால் டிவிக்குப் பதினெட்டு, நெட்டுக்குப் பதினெட்டு. மீதிச் சீட்டில் யாரோ ஒரு மீன் வரைந்திருந்தார்கள். மீனின் தலை தங்கள் பக்கம் இருப்பதாக நெட் முன்னணியும், வால்தான் முக்கியம் என்று டிவி முன்னணியும் உரிமை கோரின. செல்லாது என்று அறிவித்தேன்.

"அப்படின்னா டீச்சருக்குத்தான் ஓட்டு" என்றாள் ஷிஃபானா. "சரிசமமா வந்தா ஆபீசர் போடணும்."

யாரிடமாவது தள்ளிவிட வேண்டுமென்று நான் ஒரு வாரமாக ஓடிய முடிவு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் மடியிலேயே வந்து உட்கார்ந்தது.

"அஞ்சு நிமிஷம் தாங்க" என்று சொல்லி ஜன்னலருகே போய் நின்றேன்.

காயலின் மேல் மழை சாம்பல் நிறத் துணிபோல் தொங்கியது. எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு படகு அந்தத் துணிக்குள் நுழைந்து கரைந்தது. சுவர் சுக்கு மணத்தது. எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒரு சிறுமி திரைக்கு அந்தப் பக்கம் வந்து, கார்த்தியிடம், "உங்கள் ஊரில் மழை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நனைத்துக் காட்டினான். பிறகு வகுப்பு இருண்டது. பெரிய திரையில் நீலம் பரவி, ஒரு திமிங்கிலம் மெல்லத் திரும்பியது. முப்பத்தேழு வாய்களும் திறந்தபடி இருந்தன. எதை விடுவது? அந்தச் சிறுமியையா, திமிங்கிலத்தையா? கரைந்துபோன படகு மறுபடி வெளியே வந்தது. அல்லது அது வேறு படகு.

"உறங்குற டீச்சரே, எழுந்திரிங்க! ராஜி வெக்கு, ராஜி வெக்கு!"

திரும்பிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போயிருந்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரமாக மோதிய இரு முன்னணிகளும் எனக்கு எதிராக ஒன்றுசேர்ந்திருந்தன. (ராஜி வைப்பதென்றால் இங்கே ராஜினாமா. சம்பளமில்லாத தன்னார்வலர் எதை ராஜினாமா செய்வது?)

மாடிப்படியில் குடை சொட்டச் சொட்ட ரஹ்மான் இக்கா நின்றுகொண்டிருந்தார். ஷிஃபானா அவரை மறித்திருந்தாள்.

"ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கா?"

"மோளே, சாதனம் வாங்கித் தர்ற ஆளே நான்தான்!"

"தர்றவங்களுக்கு ஓட்டில்ல இக்கா."

அவருக்குப் பின்னால் லீலா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், இக்காவைச் சம்மதிக்க வைத்த மூன்று வருட உழைப்பு இருந்தது. "மீரா, ஒரு வாக்கு சொல்லேன். இக்காவுக்கு ஏர்போர்ட் போகணும்."

வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் சமையல்காரர் அம்மிணி சேச்சி கரண்டியோடு படியேறி வந்தார். கஞ்சியும் பயறும் ஆறிக்கொண்டிருந்தன.

"யாரு ஜெயிச்சாலும் சரி" என்றார் பொதுவாக. "தேங்காய் அரைக்கிற நேரத்துல அதைப் பிடுங்கிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எதை?" என்றேன்.

"ப்ளக்கை. இந்த ஸ்கூல்ல மிக்சி போடுற ப்ளக் ஒண்ணுதானே இருக்கு?"

கோஷம் நின்றது. எல்லாரும் சுவர்களைப் பார்த்தோம். விளக்கு இருந்தது, ஃபேன் இருந்தது. ப்ளக் பாயிண்ட் மட்டும் ஒரு சுவரிலும் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வரும் லேப்டாப்பில் நாற்பத்திரண்டு பக்கமும் எழுதியவள் நான்.

"எக்ஸ்டென்ஷன் வயர்..." என்று முணுமுணுத்தேன். சமையலறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். முற்றத்தில் முழங்கால் மழைநீர்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?" என்று லீலா டீச்சரைக் கேட்டேன்.

"தெரியுமே. நான் போனே அங்கதான் சார்ஜ் போடறேன். வயர் எங்கேயிருந்து வரும்னு படிச்ச குட்டி பாத்திருக்கும்னு நினைச்சேன்!"

ரஹ்மான் இக்கா படியிலேயே உட்கார்ந்து, குடை கையிலிருந்து நழுவும்வரை சிரித்தார். பிறகு, "முதல்ல கரண்டு வரட்டும், மத்ததெல்லாம் நான் திரும்பி வந்தப்புறம். நல்ல வயரிங் ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்கப்பா வயரிங் வேலைதான்!" என்று துள்ளி எழுந்தான் கார்த்தி.

காக்கநாட்டில் ஒரு கட்டட வேலையில் இருந்த அவன் அப்பா முருகன் மறுநாளே வந்தார். ஒரு வாரம், வகுப்புக்கு இரண்டு வீதம் ப்ளக் போட்டார். வேலை முடிந்த நாளில் லீலா டீச்சர் தயங்கித் தயங்கி அந்தப் பெரிய பள்ளியைப் பற்றிக் கேட்டார்.

"நான் வயர் இழுத்த ஸ்கூலு டீச்சர்" என்றார் முருகன், ஸ்விட்சைத் துடைத்தபடியே. "இதை விட்டுட்டு எம்புள்ள எங்க போவான்?"

ஆறு மாதம் கழித்து நெட் வந்தது. அதற்கடுத்த வருடம் டிவியும் வந்தது. இரண்டு முன்னணிகளும் வெற்றி ஊர்வலம் நடத்தின. என் அறிக்கையை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, நான் மாப்பிள்ளையைப் பற்றி நன்மை தீமை எழுத உட்கார்ந்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "அவங்க வீட்டுல ப்ளக் இருக்கான்னு கேட்டியா?" என்றார். (இருந்தது. இப்போது அந்த வீட்டிலும் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள்.)

பள்ளியில், அந்த மாடி ஜன்னலோரம் உள்ள ப்ளக்குக்கு மேலே நீலப் பெயிண்டில், "மீரா டீச்சர் ஸ்மாரகம்" என்று எழுதியிருக்கிறது. இங்கே பஸ் நிறுத்தத்துக்கும் வாசகசாலைக்கும் காலமானவர்கள் பெயரில் அப்படித்தான் நினைவுச்சின்னம் எழுப்புவார்கள். ஷிஃபானாவின் யோசனை, முருகனின் பெயிண்ட்.

"ஸ்மாரகம் செத்துப்போனவங்களுக்குத்தானே ஷிஃபானா?" என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சரே" என்றாள். "அன்னிக்கு அந்த ஜன்னல்ல நீங்க நின்ன நிப்பைப் பாத்து நாங்க அப்படித்தான் நினைச்சோம்."

இப்போதும் அந்தப் பள்ளிக்குப் போகிறேன். போனால் முதல் வேலையாக, என் நினைவிடத்தில்தான் போனுக்குச் சார்ஜ் போடுகிறேன். அது ஏறி முடியும்வரை காயலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.