மாமனாரின் ஸ்க்வீஸ்

"மாமா, அந்த ராஜாவை ஏன் வீசினீங்க?"

"என் ராஜா. என் இஷ்டம்!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மிச்சச் சீட்டுகளையும் சாப்பாட்டு மேஜைமேல் விட்டெறிந்தார். ஊரில் எவன் வேண்டுமானாலும் அவருக்குப் பாடம் எடுக்கலாம், மகளைக் கட்டிக்கொண்டவன் எடுக்கக்கூடாது. பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டக்கூட முடியாது. மாப்பிள்ளையாயிற்றே!

வினை போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாடும்போது, நாலு பேர் போடும் சீட்டையும் அள்ளுகிற பிடி ஒன்றே ஒன்று குறைந்து தோற்றார். அவருக்கு ஜோடியாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு தலைமையாசிரியை. எல்லோர் முன்னாலும் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"ஸ்க்வீஸ் பண்ணியிருந்தா ஜெயிச்சிருக்கலாம். அதெல்லாம் உங்களுக்கு எங்க வரப்போகுது? அடுத்த போட்டியில ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா இந்த வருஷம் பூரா நான் மாப்பிள்ளையோட ஜோடி சேர்ந்துக்கறேன்."

கல்யாணமானதிலிருந்து அவள் எதிரே உட்காருவது அவர்தான். அந்த இடத்தில் போய் நேற்று வந்த பயலா?

அந்தப் பயலோ, "நானே சொல்லித் தர்றேன் மாமா" என்று வலிய வந்து ஒட்டிக்கொண்டான். இடத்தைப் பறிக்கப் போகிறவன் கருணை காட்டுகிறானாம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஸ்க்வீஸ்னா ரொம்ப சிம்பிள் மாமா. எதிராளி ரெண்டு முக்கியமான சீட்டைப் பொத்திப் பொத்தி வச்சிருப்பார். நீங்க துருப்பா இறக்கிக்கிட்டே இருங்க. ஒரு கட்டத்துல அவருக்குப் போட வேற சீட்டு இருக்காது. ரெண்டுல ஒண்ணை விட்டே ஆகணும்."

"விட்டா?"

"விட்ட இடத்துல நீங்க புகுந்துடலாம். எதை விட்டார்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

அவர் எங்கே பார்த்தார்? மாப்பிள்ளையின் உதட்டோரச் சிரிப்பைத்தான் பார்த்தார். அந்த ஆத்திரத்தில்தான் ராஜா பறந்தது.

இவன் தயவே வேண்டாம் என்று ஒரு பிரிட்ஜ் புத்தகம் வாங்கிக் கடைக்குக் கொண்டுபோனார். அதில் மூழ்கிய வேகத்தில், தூரப் பார்வை சரியில்லை என்று வந்தவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் கடைக் கதவிலேயே முட்டிக்கொண்டு, புடைத்த நெற்றியோடு நேரே பள்ளிக்கூடம் போய்த் தலைமையாசிரியையிடம் முறையிட்டார். சாயங்காலம் புத்தகம் பறிமுதல் ஆனது.

மறுபடியும் மாப்பிள்ளைதான் கதி. மறுபடியும் தப்பு. மறுபடியும் அதே சிரிப்பு.

"வெளியே போங்க மாப்பிள்ளை!" என்று மரியாதை குறையாமல் கத்தினார்.

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "வீட்டு மாப்பிள்ளையை வெளிய போகச் சொல்ற வாயா இது? உடனே போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். மறுநாள் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து, சட்டைக்குள் சீட்டுக்கட்டை மறைத்துக்கொண்டு வந்து நின்றான் மாப்பிள்ளை.

"விட மாட்டேன் மாமா. நீங்க கத்துக்கிட்டே ஆகணும்."

என்ன திமிர்! இவனைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தார். கோபத்திலேயே கற்றுக்கொண்டார்.

போட்டி நாள் வந்தது. கடைசிச் சுற்றில் எதிர் ஜோடி, மகளும் மாப்பிள்ளையும். ஆளுக்கு மூன்று சீட்டுதான் பாக்கி. மூன்று பிடியும் கிடைத்தால்தான் வெற்றி. மனைவியின் சீட்டுகள் மேஜைமேல் விரிந்து கிடந்தன; பிரிட்ஜ் விதிப்படி அவற்றையும் அவரே ஆட வேண்டும். அதில் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏஸும் ஜாக்கியும் இருந்தன. ஆட்டின் ராஜாவும் ராணியும் மாப்பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும். அவனுடைய மூன்றாவது சீட்டும் விட முடியாத சீட்டாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

கடைக்காரர் கடைசித் துருப்பை மேஜையில் அறைந்தார். "போடுங்க மாப்பிள்ளை, பார்க்கலாம்!"

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. சீட்டைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். ஆட்டின் ராணியைக் கீழே வைத்தான்.

விட்டுவிட்டான்! கடைக்காரர் ஏஸை இறக்கினார். ராஜா வந்து மாட்டியது. அடுத்து ஜாக்கி. மூன்றும் அவருக்கே.

"எப்படி?" என்று துள்ளி எழுந்தார்.

"எப்படியோ ஜெயிச்சீங்க" என்றாள் மனைவி. "ஆனா மூணாவது ஆட்டத்துல எதுக்கு அவ்வளவு நேரம் முழிச்சீங்க? அஞ்சாவதுல யாரைக் கேட்டு டைமண்ட் போட்டீங்க? உக்காருங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்."

அவர் மாப்பிள்ளையை வெறுப்போடு பார்த்தார். "இந்த இடம் யாருக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

"உங்களுக்குத்தான் மாமா. உங்களுக்கே உங்களுக்குத்தான்" என்று மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான்.

மகள் தன் புருஷன் கடைசியாகப் போட்ட சீட்டை மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணுக்கும் உதவாத இந்தக் கிளாவர் ரெண்டை அப்பவே விட்டிருந்தா நீங்க தோத்திருப்பீங்க. வருஷம் பூரா அம்மா எதிர்ல யாரு உக்காந்து பாட்டு வாங்குறதுன்னுதான் இவர் ராணியை விட்டுட்டார்."