கடை விலைக்கு மேலே ஒரு பழைய ஸ்கூட்டர்

ஒரு காட்டில் மழைக்கு ஒழுகாத வளைகள் சொற்பம். முள்ளம்பன்றி பொன்னுத்தாயின் வளையில் அப்படி ஒரே ஓர் அறை இருந்தது. ஆனால் அதில் மனுஷர், மன்னிக்கணும், மிருகம் யாரும் படுக்க வழியில்லை. அவள் வீட்டுக்காரர் வேலாயுதத்தின் பழைய ஸ்கூட்டர்தான் அங்கே கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு சுகமாய்க் கிடந்தது.

மகள் செண்பகத்துக்குத் தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடித்துக் கையோடு கூட்டி வர வேண்டும். வானமோ கறுத்துக்கொண்டே வந்தது. பிள்ளைத்தாய்ச்சியை ஒழுகுகிற இடத்திலா படுக்க வைப்பது?

“ஏங்க, அந்த வண்டியைத்தான் வித்துடுங்களேன்.”

“வித்துட்டாப் போச்சு” என்று வேலாயுதம் செல்போனில் விளம்பரம் போட்டார். குடும்ப வண்டி. ஒரே ஓனர். எழுபத்தைந்தாயிரம்.

பொன்னுத்தாய்க்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. “கடையில புதுசே எண்பதுக்குத் தர்றானேங்க!”

“புதுசுல நம்ம கை பட்டிருக்கா? வாங்கின விலை, மாத்தின டயரு, சீட்டு உறை, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில வச்ச எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் கூட்டிப் பாரு.”

“பழமெல்லாம் அன்னிக்கே நசுங்கிப் போச்சே.”

“பழம் நசுங்கும். பூஜை நசுங்குமா?”

சாமி காரியம் என்றதும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வேலாயுதம் யோசித்தார். “விலை கம்மியா இருக்குன்னு சந்தேகப்படறாங்க” என்று மேலே பத்தாயிரம் ஏற்றினார். அப்புறம் வளைகாப்புக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து முயல் சீனிச்சாமி வண்டி பார்க்க வந்தான். கூடவே உடும்பு உத்தண்டி. அந்தக் காட்டில் யாரும் தனியாக வண்டி பார்க்கப் போகமாட்டார்கள். விவரம் தெரிஞ்சவர் என்று ஒருத்தரைக் கூட்டிப் போவார்கள். அவர் டயரை உதைப்பார், சைலன்சரை மோந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், விலையைக் குறைப்பார். அதற்குக் கூலி கிடையாது. பேர்தான்.

நல்ல வாய்ப்பு, பிள்ளையாரே அனுப்பியிருக்கிறார் என்று பொன்னுத்தாய் நினைத்தாள். உள்ளே போய் ஒரு திரி ஏற்றிவிட்டு வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“தம்பி, பிரேக்கு பிடிக்காது. பெட்ரோல் ஒழுகும். இடதுபக்கம் திருப்பினா தானா ஹாரன் அடிக்கும். மூவாயிரம் குடுங்க, போதும்.”

டயரை உதைக்கத் தூக்கிய காலை உத்தண்டி அப்படியே கீழே வைத்தார். கண்டுபிடிக்க ஒரு குறை பாக்கி இல்லை. குறைக்க ஒரு ரூபாய் மிச்சமில்லை. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

“சீனி, கிளம்பு. மூவாயிரத்துக்குத் தர்றாங்கன்னா இது ஆளை அடிச்ச வண்டி.”

“ஐயோ இல்லை தம்பி, பிள்ளையார் சத்தியமா...”

“சத்தியம் வேற பண்றாங்க பாத்தியா!” என்றார் உத்தண்டி. சீனிச்சாமி நாலு கால் பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டான்.

வேலாயுதம் வந்ததும் பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. நேரே உத்தண்டி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரி விவரம் தெரியாதவ. மூவாயிரம்னு சொன்னது கண்ணாடிக்கு. வண்டி எண்பத்தைந்து.”

உத்தண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லுய்யா!”

மறுநாள் இருவரும் திரும்பி வந்தார்கள். “நீ வாயைத் திறக்காதே” என்று வேலாயுதம் மனைவியிடம் சொல்லியிருந்தார். பொய்யும் சொல்லக்கூடாது, மெய்யும் சொல்லக்கூடாது. அவள் ஓரமாய் உட்கார்ந்து சாமி பேரை முணுமுணுத்தாள்.

உத்தண்டி பிரேக்கை அமுக்கினார். “பிடிக்கலையே?”

“அது பூப்போல பிடிக்கும். உங்களுக்குத் தெரியல” என்றார் வேலாயுதம்.

“யோவ், யாருகிட்ட? பதினஞ்சைக் குறை!”

பெட்ரோலுக்கு ஒரு பதினைந்து, ஹாரனுக்கு ஒரு பதினைந்து என்று விலை படியிறங்கி வந்தது. சீனிச்சாமிக்கு மட்டும் கொஞ்சம் பயம். “அக்கா, நீங்க சொல்லுங்க. ஓடுமா?”

“முருகா, நீதாம்பா காப்பாத்தணும்” என்றாள் பொன்னுத்தாய், மனசார.

“பாத்தியா, முருகனையே சாட்சிக்குக் கூப்பிடறாங்க” என்றார் உத்தண்டி. “கடைசி விலை, இருபத்தஞ்சு. முடி!”

வேலாயுதம் வயிற்றிலடித்துக்கொண்டே பணத்தை வாங்கினார். வண்டி கிளம்பவில்லை. “பேட்டரி கொஞ்சம் டவுன், அவ்வளவுதான்” என்று உத்தண்டியே சமாதானம் சொன்னார். இப்போது அது அவர் முடித்த வண்டி அல்லவா! இருவரும் சந்தோஷமாய்த் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பொன்னுத்தாய் அறையைச் சாணி போட்டு மெழுகினாள். வெள்ளிக்கிழமை செண்பகம் கை நிறைய வளையலோடு வந்து, ஈரம் படாத தரையில் காலை நீட்டிப் படுத்தாள். அவளுக்கு வலி கண்ட அன்று அடைமழை. மருத்துவச்சி உள்ளே இருந்தாள். வாசலில் காவல் நின்ற பொன்னுத்தாயின் கண்ணில் சீனிச்சாமி பட்டான். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மூவாயிரம் போக மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். “தம்பி, இந்தாப்பா. இது உன் பணம். வச்சுக்க.”

சீனிச்சாமி ரெண்டடி பின்னே போனான். “அக்கா, நல்லா இருக்கிற குடும்பத்தைக் கெடுத்துடாதீங்க! எண்பத்தைந்துல அறுபது குறைச்சவன்னு என் மாமனார் இப்பத்தான் எனக்கு நாற்காலி போடறார். இதை வாங்கினா, ஓட்டை வண்டிக்கு ஏமாந்து திருப்பி வாங்கிட்டு வந்தவன்னுதானே ஆகும்?”

“அப்ப வண்டி, தம்பி?”

“வண்டிக்கென்னக்கா? தள்ளினா ஜம்முனு போகுது!”

உள்ளே குழந்தை வீறிட்டது. பொன்னுத்தாய் பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஓடினாள்.

நீதி: உள்ள விலையைச் சொல்லி வாங்க வந்தவர் மனதை நோகடிக்காதீர்கள், குறைத்து மகிழ அவருக்கும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதே தர்மம்.