தங்கள் அக்காளின் பெட்டிச் சாவி தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், பல் மருத்துவர் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் அக்காள் தங்கள் வீட்டில் தங்கியிருப்பதும், அவளுடைய பெட்டி திறக்காமலிருப்பதும்.

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு தாங்களும் தங்கள் மனைவியும் பிள்ளைகளும் நலமென நம்புகிறேன். தங்கள் அக்காளின் நலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கிளம்பும்போது அவள் பெட்டியைத் தூக்கிய வேகத்தைப் பார்த்தவன் நான்.

நேற்று தாங்கள் தொலைபேசியில், "அத்தான், அக்கா பெட்டி பூட்டிக் கிடக்கு. சாவி அங்கதான் இருக்காம். எடுத்துக்கிட்டு நீங்களே வந்துடுங்க. பாவம், என் பொண்டாட்டி நைட்டியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்று சொன்னீர்கள். நான் வாயால் பதில் சொல்லாததற்குக் காரணம், தாங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததுதான். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தது கேட்டது. அந்தக் கனைப்பை எனக்குத் தெரியும். மேலும், ஆயுள் முழுக்க அலுவலகத்தில் கோப்புப் பிரிவைக் கட்டி மேய்த்தவன் நான். எதையும் எழுத்தில் வைத்தால்தான் நிம்மதி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நடந்த எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் காரணம். ஓய்வு பெற்ற மனிதன் சும்மா இருக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால், சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் பொழுதுபோக்கை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அதற்கு வேண்டிய மெல்லிய கொக்கிகள் தங்கள் ஆஸ்பத்திரியில் குப்பைக்குப் போகின்றன என்று அறிந்து, பல்லைச் சுரண்டும் பழைய கம்பி நாலைந்து கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஊரார் வாயில வச்சது அத்தான்" என்றீர்கள். நான் என்ன, என் வாயில் வைக்கவா கேட்டேன்? பூட்டின் வாயில்தானே? அன்று கொடுத்திருந்தால் இன்று இந்தக் கடிதமே இல்லை.

தாங்கள் மறுத்துவிட்டதால் நானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கார் வைப்பரின் ரப்பருக்குள் மெல்லிசாக ஒரு எஃகுப் பட்டை இருக்கும், அதுதான் தொடக்கக்காரனுக்கு ஏற்றது என்று வீடியோவில் சொன்னார்கள். எங்கள் காரிலேயே இருக்கும்போது வெளியில் ஏன் அலைய வேண்டும் என்று உருவிக்கொண்டேன், ரப்பரைப் பழையபடி மாட்டியும் வைத்தேன், பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மழை பெய்தால்தான் தெரியும் போலிருக்கிறது, பெய்தது, தங்கள் அக்காள் காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். "வைப்பர் ஆடுது, தண்ணி போகல. என்ன பண்ணீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதுவும் நான் அரம் துடைத்த துண்டு.

பட்டையை அரத்தால் ராவி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்தேன். வளைந்தது, ஆனால் நிமிர்ந்தும் விட்டது. சூடாக்கினால் சொன்னபடி கேட்கும் என்று நினைத்து அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்து, பக்கத்தில் இருந்த தண்ணீரில் முக்கினேன். அது டீ போட வைத்திருந்த தண்ணீர். அன்றைய டீயைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அப்படிச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் என்பது வீடியோவின் இரண்டாம் பாகத்தில் வருகிறதாம். நான் முதல் பாகத்தோடு கடைக்குப் போய்ப் பழகுவதற்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, கம்பியை விட்டு ஆட்டியதும் அது திறந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூட்டு சும்மா இழுத்தாலே திறக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தினமும் புழங்கும் பூட்டில் கை வைக்காதே என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. விதிகளை மதித்தே வாழ்ந்தவன் நான். ஆனால் அன்று தங்கள் அக்காள் கடைக்குப் போயிருந்தாள், வாசல் கதவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, சரி, உள்பக்கம் பூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை என்று கம்பியை விட்டேன், உள்ளே வரிசையாக இருக்கும் ஊசிகளில் ஒன்று மேலே போனது கையில் தெரிந்தது, அடுத்ததைத் தூக்கினேன், டிக் என்று ஒரு சத்தம், திறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். உடைந்தது என் கம்பி. நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

"ஏங்க, கதவைத் திறங்க."

"அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"சாவி போட்டுத் திறங்க."

"சாவி உள்ள போகல."

"ஏன் போகல?"

வெளியே பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

தச்சர் வந்து பூட்டை அறுத்தே எடுத்தார். "திருடனுக்கு மசியாதுன்னு சொல்லித்தான் சார் இதை விக்கிறாங்க. பாருங்க, மசியவே இல்லை" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். இந்த அளவில் வேறு பூட்டு கிடைக்கத் தாமதமாகும் என்று சொல்லிப் போய்விட்டார். இப்போது கதவில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எதிர்வீட்டுக்காரர் நாளிதழ் கேட்க மணி அடிப்பதில்லை. ஓட்டை வழியாகக் கையை நீட்டுகிறார், நான் வைக்கிறேன்.

அன்று மாலையே தங்கள் அக்காள் பெட்டியைப் பூட்டி எடுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிட்டுப் போகல. பூட்டு இருக்கிற வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆகவே தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நான் வருவதற்கில்லை. பூட்டில்லாத வீட்டை விட்டுவிட்டு எப்படி வருவது? கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது, இங்கே இல்லை. கைப்பையில் பார்க்கச் சொல்லவும். பொழுதுபோக்கை நான் அடியோடு விட்டுவிட்டேன். கம்பி, அரம் எல்லாம் இருந்த தகர டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அவள் வருவதானால் வரலாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்களிடம் வருவோரின் பல்வலியெல்லாம் தீரட்டும், தங்கள் தொழில் படுத்துவிடாத அளவுக்கு.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
(ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடினேன். பசை தகர டப்பாவில்தான் இருந்தது. ஆமாம், டப்பாவை நான் யாரிடமும் போடவில்லை, கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. திறந்தால், கம்பிகளுக்கு மேலே பெட்டிச் சாவி. அந்த டப்பாவைத் தொடவே மாட்டேன் என்றவள் அவள். எந்தச் சாவியையும் எங்கேயும் மறந்து வைத்ததில்லை. அவள் தெரு தாண்டுவதற்குள் நான் டப்பாவைத் திறப்பேன், சாவியைப் பார்ப்பேன், பின்னாலேயே ஓடி வருவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என்னைப் பற்றி அவள் போட்ட கணக்கு தப்பியது இதுதான் முதல் தடவை. அவள் போன பிறகு அந்த டப்பாவைத் தொட எனக்கு மனமே வரவில்லை மச்சான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மேலே எழுதியதும் பொய்.

மாடி வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சாவியையும் இந்தக் கடிதத்தையும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் கடிதத்தைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நிற்பேன். தாங்கள் படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள். அவள் படித்து முடித்ததும் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். நானாகத் திறக்க மாட்டேன்.