பின்கேட்டுக்கு ஒரு விசிட்டர்

"மணி அஞ்சாச்சு. இதுக்கு மேல நீங்க இங்க உக்காந்திருந்தா அது சட்டப்படி குத்தம், சார்" என்றார் ஹெச்.ஆர். மேடம்.

ஸ்டோர்கீப்பர் துடைத்துக்கொண்டிருந்த, 'எல்போ' என்கிற குழாய் முழங்கையைக் கீழே வைத்தார். அதைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகத் துடைக்கிறார். பைப்புகளுக்கு இணைப்புச் சாமான் செய்கிற அந்த ஃபேக்டரியில் அவ்வளவு பளபளப்பான முழங்கை வேறு எங்கேயும் கிடையாது.

"நான் காசு ஒண்ணும் கேக்கலையே மேடம்?"

"கேக்காததுதான் குத்தம். அஞ்சு மணிக்கு மேல வேலை பார்த்தா ஓவர்டைம். ஓவர்டைம்னா டபுள் சம்பளம். குடுக்கலேன்னா கம்பெனி மாட்டும். தினமும் குடுத்தாலும், இவ்வளவு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பு இருக்கு, அதுலயும் மாட்டும்."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"வீட்டுக்குப் போகணும், சார்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! மேடம் புதுசு, வயசும் சின்னது. ஸ்டோர்கீப்பருடைய மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். இவர் "ஆச்சும்மா" என்பார். அத்தோடு அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது. மற்றபடி அந்த இரண்டு ரூம் வீட்டில் வாய் திறக்கிற ஒரே ஜீவன் பிரிட்ஜ்தான். அதுவும் நடுநடுவே நின்றுவிடும். நின்றால் இவருக்குப் பகீரென்று இருக்கும்.

முன்பெல்லாம் அஞ்சு மணிக்குச் சங்கு ஊதினால் கம்பெனி பஸ்ஸில் முதல் ஸீட் இவருக்குத்தான். மனைவி போன பிறகுதான் கால் எழவில்லை. முதல் நாள் ஸ்டோருக்கு வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, பக்கத்திலிருந்த பின்கேட் காவல்காரர் கூப்பிட்டார். பெரிய மீசை வைத்தவர். பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவர் மீசைக்காரர்தான்.

"கிளம்பலையா சார்?"

"போகணும். நீங்க, அண்ணே?"

"எனக்கு ராத்திரி வரைக்கும் டியூட்டி. உக்காருங்க."

அன்றிலிருந்து தினம் அதே கதைதான். லாரிகள் போனதும் மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், சீட்டுக்கட்டை எடுப்பார். அதில் ஸ்பேட் ஏழு கிடையாது. அதற்குப் பதில் அட்டைப்பெட்டியில் வெட்டிய ஒரு துண்டு. பின்பக்கத்தைப் பார்த்தாலே யார் கையில் ஏழு இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாததுபோல் இருவரும் ஆடுவார்கள். எட்டு மணி வாக்கில் ஸ்டோர்கீப்பர் எழுந்து, பாவம் மனுஷன், இன்னும் எத்தனை நேரம் தனியாகக் கிடக்க வேண்டுமோ என்று மனசுக்குள் உச்சுக்கொட்டிக்கொண்டே கிளம்புவார். அவருடைய துணைக்காகத்தான் தாம் இருப்பதாக ஒரு நினைப்பு. தமக்குத் துணை வேண்டியிருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை.

மேடம் போனதும் ஸ்டோர்கீப்பர் யோசித்தார். காசு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு என்ன கஷ்டம்? மறுநாளே, 'நான் முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு வருடமாகத் தினமும் மாலை தங்கி வேலை பார்க்கிறேன். ஓவர்டைம் எனக்குத் தேவையில்லை' என்று அழகாக எழுதி ஆபீஸில் கொடுத்தார்.

படித்ததும் மேடத்துக்கு விழி பிதுங்கியது.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க! ஒரு வருஷமா ஓவர்டைம் குடுக்காம வேலை வாங்கினோம்னு நீங்களே கையெழுத்துப் போட்டு ஆதாரம் குடுத்திருக்கீங்களே!"

"கிழிச்சுப் போட்டுடுங்க மேடம்."

"எப்படிக் கிழிக்கிறது? சீல் குத்தி வாங்கிட்டாங்க. நான் ரூல்படிதான் போகணும். லேபர் ஆபீசுக்கு ஒரு காப்பி அனுப்பி விளக்கம் கேட்டுடறேன்."

மத்தியானமே அக்கவுண்டன்ட் வந்து நின்றார். இந்தக் கம்பெனியில் பணம் வேண்டாம் என்று சொல்லி ஒருவர் தம்மைத் தொந்தரவு செய்வது இதுதான் முதல் தடவை என்றார்.

"பழைய பாக்கி முழுக்கப் போட்டுத் தரச் சொல்லிட்டாங்க. உமக்கு ஏன்யா இந்த வேலை?"

"அப்படியே என் பி.எஃப்.ல சேர்த்துடுங்க சார். ரிட்டயர் ஆகறப்ப வந்துட்டுப் போகட்டும்."

"ஓவர்டைமுக்கு பி.எஃப். கிடையாது. சம்பளத்துல மட்டும்தான் பிடிப்போம். இதைக் கையிலதான் வாங்கணும்."

"கையில வாங்கி நான் என்ன சார் பண்ண?"

"வீட்டுக்கு எதாவது வாங்கிப் போட்டு, ஜாலியா இருமய்யா!"

வீட்டுக்கு என்ன வாங்குவது? இன்னொரு பிரிட்ஜா? ஸ்டோர்கீப்பர் முழங்கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

சரி, மெஷினில் கார்டு போட்டு நேரம் பதிந்தால்தானே மணிக்கணக்கு என்று அடுத்த யோசனை உதித்தது. அஞ்சு மணிக்குச் சமர்த்தாகக் கார்டு போட்டு வெளியே போனார், ஒரு சுற்றுச் சுற்றிப் பின்கேட் வழியாக உள்ளே வந்தார். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் ஸ்டோரில் விளக்கு எரிவதைப் பார்த்து மேடம் வந்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் முழங்கையும் துணியுமாகக் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"கார்டு போட்டுட்டு வேலை பார்க்கிறது தொழிலாளியை ஏமாத்தற வேலை சார்!"

"நான்தானே மேடம் தொழிலாளி? என்னை நானே ஏமாத்திக்கறேன். யாருக்கு என்ன?"

"உங்க மேல ஒரு பெட்டி விழுந்தா? கார்டுபடி நீங்க உள்ளேயே இல்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்படி ஆம்புலன்ஸ் கூப்பிடறது? இனிமே அஞ்சு மணிக்கு மேல உள்ளே வரணும்னா, வெளியாள் மாதிரி விசிட்டர் பாஸ் போட்டுத்தான் வரணும்!"

மேடம் கோபத்தில் சொன்னது. ஸ்டோர்கீப்பருக்கோ கண் திறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் கார்டு போட்டு வெளியே வந்தவர் நேராக மெயின்கேட்டில் போய் நின்றார். அங்கே இருந்த காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தானே சார் வெளியே போனீங்க?"

"அது வேலைக்காரன். இது விசிட்டர். பாஸ் குடுங்க."

யாரைப் பார்க்க? 'பின்கேட் காவல்காரர்.' என்ன விஷயமாக? பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு 'சும்மா' என்று எழுதினார்.

அன்றைக்குச் சீட்டு அமோகமாக ஓடியது. சட்டையில் பாஸைக் குத்திக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெரிய மனுஷனாக உட்கார்ந்து ஆடினார். ஆனால் அந்தப் பாஸும், சீட்டாட்டச் சேதியும் மறுநாள் காலை மேடத்தின் மேஜைக்குப் போயின. சாயங்காலத்துக்குள் மீசைக்காரர் கையில் மெமோ. பின்கேட்டில் உட்கார்ந்து விசிட்டரோடு சீட்டாடியதற்கு விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் அவரை அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சிக்குச் சொல்லி ஆள் மாற்றப்படும்.

ஸ்டோர்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்முடைய சாயங்காலத்தைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே!

"அண்ணே, என் மேல பழியைப் போட்டு எழுதிடுங்க. நான்தான் வற்புறுத்தி ஆட வச்சேன்னு எழுதுங்க."

"என்னத்த சார் எழுதறது" என்று மீசைக்காரர் மெமோவை மடித்துப் பையில் வைத்தார். முகத்தை நிமிர்த்தவில்லை. சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார். "நீங்க போடுங்க."

"வேலை போயிடும்ணே!"

"போடுங்க சார்."

ஸ்டோர்கீப்பர் ஸ்பேட் ராஜாவைப் போட்ட சமயத்தில் பின்கேட் தட்டப்பட்டது. கையில் ஒரு பையும் நெற்றியில் வியர்வையுமாக ஒருவர் உள்ளே வந்தார். லேபர் இன்ஸ்பெக்டர். மேடம் அனுப்பிய காப்பி அவரிடம்தான் போயிருந்தது. தகவல் கிடைத்து மேடமும் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

இன்ஸ்பெக்டர் சீட்டுகளைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் அன்றைக்கும் சட்டையில் குத்தியிருந்த பாஸைப் பார்த்தார்.

"இந்த லெட்டர் எழுதினது நீங்கதானே? நீங்க இங்க வேலை பார்க்கறீங்களா, விசிட்டரா? ஒண்ணைச் சொல்லுங்க."

வேலை என்றால் கம்பெனி மாட்டும், மேடம் மாட்டுவார். விசிட்டர் என்றால் மீசைக்காரர் மாட்டுவார். ஸ்டோர்கீப்பர் மேடத்தைப் பார்த்தார். மீசைக்காரரைப் பார்த்தார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனுஷரிடம் சொன்னார்.

"ரெண்டும் இல்ல சார். எனக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு. போனா பேச ஆளில்ல. லைட்டைப் போடறதும் நான்தான், அணைக்கிறதும் நான்தான். அதான் இங்க வந்து ஒட்டிக்கிட்டேன். கம்பெனி மேல தப்பில்ல. மேடம் தினமும் போகச் சொன்னாங்க. இவரு மேலயும் தப்பில்ல. பாவம், காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் டியூட்டியில இருக்கிற மனுஷனை நான்தான் தொந்தரவு பண்ணிட்டேன். வேலையை விட்டு எடுக்கணும்னா என்னை எடுங்க."

மேடம் கீழே குனிந்து, விழாத ஒரு சீட்டைத் தேடினார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த மாதிரி விஷயத்துக்கு அவரிடம் எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. எதையாவது கேட்டாக வேண்டுமே என்று மீசைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏஜென்சி ஆளா? பி.எஃப். பிடிக்கிறாங்களா?"

"பிடிக்கிறாங்க சார்."

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் டியூட்டின்னா, உங்களுக்கும் ஓவர்டைம் வருமே? குடுக்கறாங்களா?"

மீசைக்காரர் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு டியூட்டி அஞ்சு மணியோட சரிங்க. ராத்திரி வரைக்கும்னு சொன்னாத்தான் இவரு உக்காருவாரு, இல்லேன்னா எந்திரிச்சுப் போயிடுவாரு. அப்புறம் நான் எங்கே சார் போறது?"