லேத்துக்கு ஒரு கதகதப்பான அறை

ஏற்பாட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. கல்யாண ஏற்பாடு, கூட்ட ஏற்பாடு செய்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களால் உலகத்துக்கு உபகாரம் உண்டு. நான் சொல்வது, ஒரு வேலையைத் தொடங்குமுன் அதற்குத் தோதான நிலைமையை உண்டாக்கப் புறப்பட்டு, அந்த நிலைமைக்குத் தோதான இன்னொரு நிலைமையை உண்டாக்கப் போய், என்ன வேலைக்காகக் கிளம்பினோம் என்பதையே மறந்து, ஆனாலும் நாள் முழுக்க வியர்வை சிந்திய திருப்தியோடு சாப்பிட உட்காருகிற ஆசாமியை. அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. சோம்பேறிக்கு ஓய்வாவது மிஞ்சும்.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற பிரதிநிதி ஒருவர் 1973-இல் ஹனோவரில் இருந்தார். பெயர் சந்திரமௌலி. திருச்சிக்காரர். 1962-இல் தொழிற்பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கு வந்து, ஒரு பம்பு ஆலையின் வரைபடப் பிரிவில் நிலைத்துவிட்டவர். வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்கள் செய்யப்போகும் பொருள்களுக்குப் படம் போடுவார். மிச்சம் இரண்டு நாளாவது தன் கையால் எதையாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில், நகரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஃப்ராவ் லூடர்ஸ் என்ற விவசாயி அம்மாளிடம் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பட்டறை ஆக்கியிருந்தார். சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்கிழங்கை ஒரு காலத்தில் கொட்டி வைத்த செங்கல் கொட்டகை. அறுபதடி நீளம், இருபதடி உயரம். நடுவில் உலோகம் கடையும் ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு மேசை.

கோடையில் அது சொர்க்கம். குளிர்காலத்தில்? வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர். காற்று மட்டும் கொஞ்சம் குறைவு. எண்ணெய்க் கணப்பை மூட்டினால் சூடு நேரே கூரைக்குப் போய், அங்கே குடியிருந்த புறாக்களுக்கு உபயோகப்பட்டது. லேத்தின் கைப்பிடியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பனி சற்றே இளகி ஈரக்காற்று வீசும் நாளிலோ, ஜில்லிட்டுக் கிடக்கும் இரும்பின் மேல் வேர்த்து ஊற்றி, மறுவாரம் போனால் எல்லாம் துருவேறிக் காவி கட்டியிருக்கும்.

ஆகவே சந்திரமௌலிக்கு ஒரு யோசனை பிறந்தது. கொட்டகைக்கு உள்ளேயே சின்னதாக ஓர் அறை. பன்னிரண்டடிக்குப் பத்தடி, தாழ்வான கூரை. மரச்சட்டம், நடுவே கண்ணாடிப் பஞ்சு, உள்பக்கம் பலகை. மெஷின்கள் அதற்குள். ஒரு சின்ன கணப்பு போதும், கால் மணியில் வெறும் சட்டையோடு நின்று வேலை செய்யலாம். நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஏற்பாட்டுக்காரர்களின் யோசனைகள் எல்லாமே நல்ல யோசனைகள். அதுதான் ஆபத்து.

அந்த அக்டோபரில்தான் பாமா வந்தாள். பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். சந்திரமௌலியின் மனைவி வேதவல்லி வைக்கும் வத்தக்குழம்புக்காக மாதம் ஒரு முறையாவது வருகிறவள். அன்று கையில் ஒரு படத்தோடு வந்தாள். ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்து நிறுத்தும் பித்தளைத் தாங்கி. உள்ளங்கை அளவு.

"எங்க இன்ஸ்டிட்யூட் வொர்க்‌ஷாப்ல ஏப்ரல் வரைக்கும் க்யூ சார். எனக்கு மெஷர்மென்ட்டுக்கு ஜனவரியில ரெண்டே வாரம்தான் குடுத்திருக்காங்க. மார்ச்சோட ஸ்காலர்ஷிப் முடிஞ்சுடும். இந்த ஹோல்டர் இல்லேன்னா மூணு வருஷ வேலையை அப்படியே மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போகணும்."

சந்திரமௌலி படத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"இது ரெண்டு மணி நேர வேலைம்மா. ரூம் மட்டும் முடியட்டும். ஃபர்ஸ்ட் ஜாப் உன்னுதுதான்."

ரூம் மட்டும் முடியட்டும்! இந்த 'மட்டும்' என்ற சொல் எங்கே கேட்டாலும் உஷாராக இருங்கள். அந்த இனத்தின் கூவல் அது.

முதலில் வெப்ப இழப்பைக் கணக்கிட்டார். சுவர் வழியாக எவ்வளவு, கூரை வழியாக எவ்வளவு, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா. பதினான்கு பக்கம். பிறகு கொட்டகையில் ஏழு இடங்களில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, மூன்று சனிக்கிழமைகள் அவற்றுக்கு நடுவே நோட்டும் கையுமாக உலாவினார். ஏழும் ஒரே குளிரைக் காட்டின. அதையும் எழுதிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து, அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில் கணப்பு எண்ணெய் யானை விலை விற்க, இவர் ஒரு தீர்க்கதரிசியாகிவிட்டார். "நான் எப்பவோ சொன்னேன்" என்று ஆலை உணவுக்கூடத்தில் பேசினார். மூன்று பேர் வந்து படத்தின் நகல் கேட்டார்கள். நகல் எடுத்துத் தருவதில் ஒரு வாரம் போயிற்று.

நவம்பரில் சுவர்கள் எழும்பின. கதவின் வழியாகத்தான் சூடு அதிகம் ஓடிவிடும் என்று கணக்கு சொன்னதால் கதவைக் குறுக்கினார். முதலில் மூன்றடி, பிறகு இரண்டரை, கடைசியில் சரியாக இரண்டடி. எதிர்காலச் சந்ததிக்கு வழிகாட்டும் கதவு என்று அதைப் பற்றி உள்ளுக்குள் அவருக்கு ஓர் எண்ணம்.

பாமா தொலைபேசியில் கேட்பாள். "சார், ஹோல்டர்...?"

"சீலிங் மட்டும்தாம்மா பாக்கி."

அரசாங்கம் எண்ணெயை மிச்சம் பிடிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. சந்திரமௌலிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். தடை இருக்கும்போது மனிதன் என்ன செய்வான்? சோபாவில் சாய்ந்து, சீலிங்குக்குப் புதிய படம் போடுவான்.

தடையின் மூன்றாவது ஞாயிறு, காலை எட்டரை மணிக்கு வாசல் மணி அடித்தது. பாமா. மூக்கு நுனி சிவந்து, தலையில் கம்பளிக் குல்லாய், பின்னால் ஒரு சைக்கிள்.

"கார்தான சார் ஓட்டக் கூடாது?" என்றாள். "சைக்கிள்ல போலாம், வாங்க."

சந்திரமௌலி ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். வேதவல்லி அதற்குள் எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க சைக்கிளுக்கு நான் நேத்தே காத்தடிச்சு வச்சுட்டேன்."

சதி! ஆனால் வேறு வழியில்லை. நெடுஞ்சாலையில் ஒரு வண்டி இல்லை. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடுரோட்டில் கைகோத்து நடந்தார்கள். ஒருவர் குதிரை வண்டி பூட்டி வந்தார். பதினெட்டு கிலோமீட்டரும் சந்திரமௌலி மூச்சிரைத்துக்கொண்டே கண்ணாடிப் பஞ்சின் குணங்களை விளக்கினார். பாமா 'ம்' கொட்டினாள்.

கொட்டகைக் கதவைத் திறந்து அறையைக் காட்டினார். உண்மையிலேயே அழகான அறை. மூலைகள் கச்சிதம், பலகைகள் வழவழப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல். பாமா உள்ளே போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வெளியே, தார்ப்பாய்க்கு அடியில், லேத் குளிர்ந்துகொண்டிருந்தது.

"சார், லேத் எவ்வளவு அகலம்?"

"மோட்டாரோட சேர்த்தா... கிட்டத்தட்ட மூணடி."

"கதவு?"

சந்திரமௌலி லேத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தார். தெரிந்த அளவை எதற்கு அளக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை; ஆனால் இரண்டாவது முறையும் அளந்தார். பதினான்கு பக்கத்தில் புறாக்கள் வரை கணக்கில் வந்திருந்தன. லேத் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்த அறைக்குள் நுழையக்கூடிய ஒரே இயந்திரம் சந்திரமௌலிதான், அதுவும் பக்கவாட்டில்.

காது மடல் சுட்டது. இரண்டு மாதமாக அந்தப் பட்டறையில் அவர் பார்த்த முதல் சூடு அது.

சைக்கிள்களைப் பார்த்துவிட்டு ஃப்ராவ் லூடர்ஸ் பூட்ஸ் காலோடு உள்ளே வந்தார். அறுபது வயது, வாயில் பல்லைவிட வார்த்தை குறைவு. அளக்கும் டேப்பையும் சந்திரமௌலியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹெர் மௌலி, நான் வாராவாரம் பார்த்தேன். கோழிக்கு அறை கட்டுகிறீர்கள் என்று நினைத்தேன்."

பாமா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கம்பளிக் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். குரல் லேசாக நடுங்கியது. குளிரால் மட்டும் என்று சொல்ல முடியாது.

"சார், ரூம் இருக்கட்டும். எனக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. இந்த லேத் இப்ப ஓடுமா, ஓடாதா?"

அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஓடும்," என்றார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

தார்ப்பாயை இழுத்தார்கள். கியர் எண்ணெய் குளிரில் வெல்லப்பாகாய் இறுகிக் கிடந்தது. லேத் முதலில் முனகியது, பிறகு முக்கியது, கால் மணி கழித்து மனம் வந்து சுழன்றது. ஃப்ராவ் லூடர்ஸ் வீட்டுக்குப் போய், ஒரு குதிரைப் போர்வையும், தோலோடு அவித்த உருளைக்கிழங்கு ஒரு பக்கெட்டும் கொண்டுவந்தார். "சாப்பிட அல்ல. பாக்கெட்டில் போடுங்கள்." ஒரு வெட்டு வெட்டிவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் விட்டு உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொள்வது, விரல் மடங்கியதும் அடுத்த வெட்டு. முதல் பித்தளைக் கட்டையில் கை விறைத்து அரை மில்லிமீட்டர் கூடுதல் ஆழமாக வெட்டிவிட்டார். பாமா அடுத்த கட்டையை எடுத்து நீட்டினாள்.

கடைசி அளவில் சந்திரமௌலி நிறுத்தினார். பழக்கம் விடவில்லை.

"பாமா, பித்தளை இந்தக் குளிர்ல சுருங்கியிருக்கும். உங்க லேப்ல விரியும். ஒரு சின்ன கரெக்‌ஷன் போட்டுட்டா—"

"எவ்வளவு சார் வித்தியாசம்?"

மனசுக்குள் போட்டுப் பார்த்தார். "ஒரு மில்லிமீட்டர்ல... நூத்துல ரெண்டு பங்கு."

"எனக்குப் பத்துல ஒரு பங்கு போதும் சார்."

வெட்டினார். ரெண்டு மணி நேர வேலை, நாலரை மணி நேரம் பிடித்தது. பாமா தாங்கியைத் தன் குல்லாய்க்குள் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டாள். சந்திரமௌலி தன் கைகளைப் பார்த்தார். கறுத்து, வெடித்து, இரண்டு இடத்தில் ரத்தம். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, தான் படம் போடாத ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம் என்று தோன்றியது. கண் கலங்கியது. எலுமிச்சை சாதம் கல்லாகிப் போயிருந்தது. மூவரும் சேர்ந்து பாக்கெட்டிலிருந்த உருளைக்கிழங்கையே உப்புத் தொட்டுத் தின்றார்கள்.

ஜனவரியில் பாமாவின் அளவீடுகள் நடந்தன. ஜூனில் டாக்டரானாள். ஆய்வேட்டின் நன்றியுரையில் ஹெர் சந்திரமௌலிக்கு ஒரு வரி, ஃப்ராவ் லூடர்ஸின் உருளைக்கிழங்குக்கு ஒரு வரி. இரண்டாவது வரிதான் சற்று நீளம்.

அறை? மார்ச்சில் ஒரு பக்கச் சுவரையே பெயர்த்து, குழாய்களை அடியில் உருட்டி, ஃப்ராவ் லூடர்ஸின் டிராக்டர் தள்ள, லேத் உள்ளே போயிற்று. ஏப்ரல் இருபதாம் தேதி சுவர் மூடப்பட்டது. வெளியே செர்ரி மரங்கள் பூத்திருந்தன. அடுத்த குளிர்காலத்தில் அறை, கணக்குப் போட்டபடியே, கால் மணியில் கதகதப்பாகியது. சட்டையோடு நின்ற சந்திரமௌலி சுற்றும் முற்றும் பார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்று பட்டது. ஒரு விளக்கு மட்டும் மாட்டிவிட்டால்...

இந்தக் கதையை ஒவ்வொரு பொங்கல் கூட்டத்திலும் அவரே சொல்லி, எல்லோருக்கும் முன்னால் சிரிப்பார். கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். உடனே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். தட்டச்சு மெஷினுக்கு ஏற்ற உயரத்தில் மேசை அமைய ஆறு வருஷம் ஆயிற்று.

நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். இதை வாசிக்கத் தொடங்குமுன் நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தவில்லை, காபி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேறு ஏதோ ஒரு வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டு இதைக் கையில் எடுக்கவும் இல்லை.

அப்படித்தானே?