இஸ்திரி போட்ட முகக்கவசம்

"திங்கள்" என்று எழுதிய காகிதப் பை சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்ததற்கு பஸ் டிரைவர் பொறுப்பில்லை. தொற்றுக் காய்ச்சல் தேறி, வேலைக்குத் திரும்புமுன் கொடியில் ஒரு துண்டைக் காயப்போட்டார். அவ்வளவுதான்.

கொடியில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பைகள். பைக்கு ஒரு முகக்கவசம்; கடையில் கிடைக்காத காலம். நர்ஸ் மனைவி தினமும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள்: "தொடாதீங்க, கிருமி இருக்கு. தானாச் சாகட்டும். திங்கட்கிழமைக்கு வேணும்."

பதினாறு நாள் கண்விழித்து இவரைப் பிழைக்க வைத்தவள். அவளுக்கு ஒரு முகக்கவசம் குறையலாமா?

நனைந்த முகக்கவசத்தை எடுத்து நன்றாகத் துவைத்தார். மேலே அச்சடித்திருந்த எழுத்து கரைந்து போயிற்று. ஒன்று மட்டும் மொட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று மற்ற நான்கையும் துவைத்தார்.

காய்ந்தபோது ஐந்தும் மிதிபட்ட கிண்ணங்களாக நெளிந்திருந்தன. இஸ்திரி போட்டார். நெளிவு போயிற்று. கூடவே எலாஸ்டிக்கும் உருகிப் போயிற்று. அந்தப் புகையில் மூன்று முறை தும்மிய பக்கத்து வீட்டுப் பூனை, வீட்டையே மாற்றிவிட்டதாகக் கேள்வி.

எலாஸ்டிக்குக்கு எங்கே போவது? பீரோவைத் திறந்து, தன் ஜட்டிகள் இரண்டைத் தியாகம் செய்துவிட்டு ஊசி நூலோடு உட்கார்ந்தார்.

ஐந்தாவதைத் தைக்கும்போது மைத்துனன் வந்தான். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், போட்ட முகக்கவசங்களைக் கிருமி நீக்கித் தரும் மெஷினை ஓட்டுபவன்.

"என்ன மாமா, கோடு போட்ட எலாஸ்டிக்கு?"

"என் ஜட்டிடா. கத்தாத."

"ஐயய்யோ!"

"தோய்ச்சதுதான்டா!" என்றவர், நடந்ததையெல்லாம் கொட்டினார். "இதை மாட்டிக்கிட்டு வார்டுக்குப் போய் அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? எனக்கு உசிரு கொடுத்தவடா. உன் மெஷின்லேர்ந்து அவளுக்கு ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து கொடு, உன் கால்ல வேணா விழறேன்."

மைத்துனன் ஒன்றை எடுத்து எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பார்த்தான். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"அக்கா மாஸ்க்கு ஆஸ்பத்திரி வாசலையே தாண்டாது மாமா. ஒரே மாஸ்க்கைத் திரும்பத் திரும்ப என் மெஷின்ல கொடுத்துப் போட்டுக்கிட்டு, தனக்குக் கொடுத்த புதுசு அஞ்சையும் மிச்சம் பிடிச்சு இங்க தொங்கவிட்டா. கிருமின்னது நீங்க கை வைக்காம இருக்க. இதெல்லாம் திங்கட்கிழமையிலேர்ந்து பஸ் ஓட்டப் போற உங்க மூஞ்சிக்கு!"