பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் ஒரிஜினல்கள்

நிக்டி, புனே
செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி

பெருமதிப்பிற்குரிய மச்சான் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் தங்கை மல்லிகாவின் கணவன் வாசுதேவன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. கோவையில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம். கடிதம் என்றால் இந்த வரி இருக்க வேண்டுமே என்று எழுதினேன், நம்ப வேண்டாம்.

போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சொன்னால் நீங்கள் முதலில் சிரிப்பீர்கள், அப்புறம் கேள்வி கேட்பீர்கள், மூன்றாவது கேள்வியில் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். அதனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கைப்பட எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். பெரிதாக்கிப் படிக்கவும். தங்கைக்கு மட்டும் தெரியக் கூடாது. சிரிப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சிரிக்கவும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நம் பெண் தேஜஸ்வினியின் ஜெர்மனிப் படிப்பு நிலைக்குமா போகுமா என்பது தெரிந்துவிடும். போனால் அதற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

அவள் கிளம்புவதற்கு முன் நீங்கள் போன் செய்து, "மாப்ள, சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாத்தையும் கைப்பையில வச்சு அனுப்போணும், பெரிய பெட்டியில போட்றாதீங்க" என்று சொன்னீர்கள். நான், "மச்சான், முப்பத்தொரு வருசம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான், எனக்குத் தெரியாதுங்களா?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். அந்தக் குரலுக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரிஜினலைப் பெரிய பெட்டியில் போடவில்லை. கைப்பையிலும் போடவில்லை. அவை இங்கே, நிக்டியில், எங்கள் படுக்கையறை பீரோவில் இருக்கின்றன. அவள் ஜெர்மனிக்கு எடுத்துப் போனதெல்லாம் கலர் ஜெராக்ஸ்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரிஜினல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது என் கொள்கை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் என் டிப்ளமோ சர்டிபிகேட்டை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் நான் வேறெங்கும் அசைய முடியவில்லை. ஒரிஜினல் யார் கையில் இருக்கிறதோ ஆளும் அவன் கையில் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு காஸ் கனெக்‌ஷனுக்கானாலும் ரேஷன் கார்டுக்கானாலும், தேஜுவின் ஸ்கூல் அட்மிஷனுக்கானாலும், நகலைத்தான் நீட்டுவேன். கேட்டால் ஒரிஜினலைக் கண்ணில் காட்டிவிட்டு உடனே பையில் போட்டுக்கொள்வேன். பன்னிரண்டு மணி நேரம் பறந்து போய், பெயர் வாயில் நுழையாத மாக்டபர்க் என்ற ஊரில், பாஷை தெரியாத இடத்தில், பஸ்ஸிலோ ரயிலிலோ பையை மறந்து வைத்துவிட்டால் என்ன செய்வது? பாதுகாப்பு ஒன்றுதான் என் நோக்கம். வேறு ஒன்றும் இல்லை. இதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

எனவே அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, முடிவெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு, ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, இங்கே கேம்ப் என்று சொல்லும் ராணுவக் குடியிருப்புப் பகுதிக்குப் போனேன். அங்கே ஆண்டனி என்று நம் ஆள் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா காலத்திலேயே ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக வந்த குடும்பம். டிகிரி, மார்க் ஷீட், மொழித் தேர்வுச் சான்றிதழ் என்று பதினோரு தாள். ஒவ்வொன்றையும் தடித்த காகிதத்தில், முத்திரையின் தங்க நிறம் உட்பட அச்சு அசலாக எடுத்துக் கொடுத்தார். "தேகோ சார், ஏக்தம் பர்பெக்ட்! எது உங்களுது எது நம்மளுதுன்னு எனக்கே சமஜ்ல வரல" என்றார். நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்ட கையோடு நகலை ஃபைலில் வைத்து, ஒரிஜினலைக் காக்கிக் கவரில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். முடிவெட்டிக்கொள்ள மறந்துவிட்டேன்.

விமானம் ஏறும் நாளில் அந்தக் கவரின் வாயைக் கோந்து போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு, பீரோவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். பதினோரு நாளாக அது என் இடுப்பில்தான் இருக்கிறது. குளிக்கும்போதுகூட.

முதல் ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. போய்ச் சேர்ந்தாள், ரூம் கிடைத்தது, ரூமில் கட்டில் இருக்கிறது, தலையணை இல்லை, குளிர் பரவாயில்லை, தயிர் புளிக்கவே மாட்டேன் என்கிறது என்று தினமும் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசியபோதுதான் குண்டைப் போட்டாள். "பப்பா, ஃப்ரைடே மூணு மணிக்கு யுனிவர்சிட்டியில அப்பாயின்ட்மென்ட். ஒரிஜினல் சப் தேக்கேங்கே, எல்லாத்தையும் பார்ப்பாங்க. ஒண்ணு கம்மியா இருந்தாலும் இந்த செமஸ்டர்ல எடுக்க மாட்டாங்க, அடுத்த வருஷம்தான்" என்றாள். நகல் போதாதா, ஒரிஜினலைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஆகாதா என்று யாரோ மூன்றாம் மனிதனுக்காகக் கேட்பது போலக் கேட்டேன். "நஹீ பப்பா, தொட்டுப் பார்ப்பாங்களாம்" என்றாள். ஃபைலைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். "எதுக்கு? நீங்கதானே பேக் பண்ணீங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. மச்சான், கத்தியை எடுத்து என்னைக் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நேற்று திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஒரு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கிடைக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை காலை வேண்டும் என்றேன். "அங்கிள், காகஸ் ஹை, ராக்கெட் நஹீ" என்றாள். வெறும் காகிதம்தானாம், ராக்கெட் இல்லையாம். இன்னொரு ஆபீஸில் திங்கட்கிழமை என்றார்கள். மூன்றாவது இடத்தில் என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், பதில் மட்டும் அதேதான். நானே விமானம் ஏறிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். என் பாஸ்போர்ட் நான்கு வருடம் முன்பே காலாவதி ஆகிவிட்டது. அதன் ஒரிஜினலும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எதற்கெடுத்தாலும் இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறேன். மல்லிகா எனக்கு ஏதோ வியாதி என்று முடிவு செய்துவிட்டாள். "ஏனுங்க, இடுப்புல என்ன வலி? மறைக்காம சொல்லுங்க. புள்ளையும் பக்கத்துல இல்ல, நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?" என்று கண்ணீர் விட்டாள். பக்கத்து வீட்டு ரோஹிணி குல்கர்ணி, "காக்கா, டாக்டர்கடே சலா" என்று மராத்தியில் சித்தப்பா முறை வைத்து, டாக்டரிடம் கூப்பிட்டபடி ஸ்கூட்டியோடு வந்து நிற்கிறாள். வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தப்பித்தேன். அதன் பலனாகக் காலையும் மாலையும் ஓமக் கஷாயம் குடித்து வருகிறேன்.

இதற்கு நடுவில், நாளைக்கு ரோஹிணி வீட்டில் நவராத்திரி மஞ்சள் குங்குமத்துக்கு மல்லிகாவுக்குப் பட்டுப்புடவை வேண்டுமாம். பீரோச் சாவி கேட்டாள். எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மேல்தட்டில் கவர், கவரின்மேல் என் கையெழுத்து. என்ன ஏது என்று பிரித்துவிட்டால்? சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சரி, தேடலாம் என்பாள், அதற்குள் கவரை வெளியே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் தேடவில்லை. சாவிக்காரனுக்குப் போன் செய்துவிட்டாள்! இன்று நான்கு மணிக்கு வருகிறானாம். காலையிலிருந்து அந்த பீரோவுக்கு எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்து வேறொரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறாள். சாவி என் இடுப்பில், பீரோ அவள் கண்ணெதிரில், நான் மொட்டை மாடியில். இதுதான் இப்போதைய நிலவரம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எதிர்வீட்டு கோகுல்நாத் நாளை புதன்கிழமை கோவையிலிருந்து மும்பை வழியாக ஃபிராங்க்ஃபர்ட் போகிறான் என்று குடும்பக் குரூப்பில் வாழ்த்துப் போட்டிருந்தீர்கள். அந்த வாழ்த்தை நான் இதுவரை பதினைந்து தடவை படித்துவிட்டேன். மும்பையில் அவனுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறதாம். உள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம், வெளியே வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், தெரியும். ஆனாலும் பத்தே பத்து நிமிடம் வாசலுக்கு வந்து, வாசுதேவன் என்று எழுதின அட்டையோடு நிற்கும் ஆளிடம், அதாவது என்னிடம், கவரை வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் பொட்டலம் வாங்கக் கூடாது என்று அவன் வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள், நியாயம்தான். தாங்கள் நேரில் போய் என் குணநலனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். என் குணநலனைப் பற்றி இந்தக் கடிதத்தில் படித்ததை அங்கே சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை தேஜு ரயிலில் ஃபிராங்க்ஃபர்ட் போய் வாங்கிக்கொள்வாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான்கு மணிக்குள் கவரை எப்படி எடுப்பது என்றும் தெரியவில்லை. தாங்கள் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் ஏதாவது தைரியம் வரும்.

அந்தப் பிள்ளை இரண்டு வருடம் வேலைக்கும் போய்க்கொண்டு ராத்திரி பகலாகப் படித்து வாங்கின இடம் இது. என்னால் போயிற்று என்றால் அப்புறம் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பொறுத்தருளி ஆவன செய்ய வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நோய் நொடியில்லாமல், வேண்டிய காகிதம் வேண்டிய நேரத்தில் கையில் இருக்கும்படியாக, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் தங்களுக்குத் தொல்லை கொடுத்துவரும்
வாசுதேவன்

பின்குறிப்பு: மணி இப்போது ஐந்தேகால். கோகுல்நாத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம். போட்டோ எடுக்கக் கீழே இறங்கினேன், சாவிக்காரன் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பீரோவைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். மல்லிகாவின் மடியில் கவர், வாய் கிழிந்திருந்தது. உள்ளே ஆண்டனியின் கலர் ஜெராக்ஸ் பதினோரு தாள். அவற்றோடு, தேஜுவின் கையெழுத்தில், எழுத்துக் கூட்டி எழுதின தமிழில் ஒரு சீட்டு: "பப்பா, நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று தெரியும். ஒரிஜினல் நான் எடுத்துக்கொண்டேன். திட்ட வேண்டாம்." நான் கவரை ஒட்டுவதற்கு முன்தினமே மாற்றிவிட்டாளாம். வீடியோவில் கூப்பிட்டு, தங்க முத்திரையைச் சாய்த்துச் சாய்த்து மின்னவைத்துக் காட்டினாள். முப்பத்தொரு வருட இன்ஸ்பெக்டர் பதினோரு நாளாகக் காவல் காத்தது ஜெராக்ஸை.

நிம்மதியாக இருக்கிறது என்று எழுதி முடித்திருக்க வேண்டும். ஆனால் போனை வைத்ததும் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான். மேலே பாதுகாப்பு, கொள்கை என்று எழுதினதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஒரிஜினல் இங்கே இருந்தால் அதை எடுக்கவாவது ஒரு நாள் திரும்பி வருவாள் என்றுதான் வைத்துக்கொண்டேன். மல்லிகாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த புடவையை மடித்து வைத்தாள். அப்புறம் எழுந்து போய், மளிகைச் சாமான் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அந்தப் பதினோரு தாளில் சேராத தேஜுவின் பிறப்புச் சான்றிதழ், ஒரிஜினல். "இத நான் எடுத்து வச்சேனுங்க. அவளுக்குத் தெரியாது" என்றாள்.